சும்மா விசாரணைதான்னு கூப்பிட்டால்: போலீஸ் விசாரணை, சோதனை, பறிமுதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தொழில் செய்யும் வக்கீல் நான். ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் தொடங்கும்: "சார், சும்மா விசாரணைதான்னு கூட்டிட்டுப் போனாங்க, இன்னும் விடலை." சட்ட உதவி முகாம்களிலும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலும் தந்திருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) நடப்பில் இருப்பதால், பிரிவு எண்கள் எல்லாம் புதியவை.

போலீஸ் அதிகாரத்துக்கு எல்லைன்னு ஒண்ணு எங்கதான் எழுதியிருக்கு?

அரசமைப்புச் சட்டத்தில் மூன்று இடங்களில். பிரிவு 20(3): குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. பிரிவு 21: சட்டம் வகுத்த வழியில் அல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது. பிரிவு 22: கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், விரும்பிய வக்கீலைக் கலந்துபேச விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

வீட்டுச் சோதனைக்கென்று தனியாக ஒரு பிரிவு நம் அரசமைப்பில் இல்லை. 1954-ல் எம்.பி. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையே காரணமாகக் காட்டி, சோதனைக்கு எதிராக அந்தரங்க உரிமை கோர முடியாது என்றது. 63 வருடம் கழித்து, 2017 ஆகஸ்டில், புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தக் கருத்தை ரத்து செய்து, அந்தரங்கம் பிரிவு 21-க்குள் அடங்கிய அடிப்படை உரிமை என்றார்கள். இன்று நம் வீட்டுக்கும் போனுக்கும் இருக்கும் அரசமைப்புப் பாதுகாப்பு அங்கிருந்து வருகிறது.

"ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ"ன்னு போன்ல சொல்றாங்க. போயே ஆகணுமா?

எழுத்தில் கேளுங்கள். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பி.என்.எஸ்.எஸ். 179-ன்படி எழுத்துமூலம் உத்தரவு தர வேண்டும். உங்கள் மேல்தான் புகார், ஆனால் கைது தேவையில்லை என்றால் 35(3)-ன்படி நோட்டீஸ் தர வேண்டும். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைதுதான் முதல் வேலை என்று போகக் கூடாது, நோட்டீஸ் தந்து விசாரிக்க வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது நோட்டீஸ் ஆகாது என்று 2025 ஜனவரியில் சொன்னதும் அதே நீதிமன்றம்தான்.

நோட்டீஸ் முறையாக வந்துவிட்டால் தட்டாமல் போங்கள். போகாவிட்டால் அதையே காரணமாகக் காட்டிக் கைது செய்யலாம். ஒழுங்காக ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமென்றால் போலீஸ் தனியாகக் காரணம் எழுத வேண்டும். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் குறித்து வீட்டில் யாருக்காவது மெசேஜ் அனுப்பிவிடுங்கள். பின்னால் கோர்ட்டில் அந்த மெசேஜ் எவ்வளவு உதவியது என்று பலமுறை பார்த்திருக்கிறேன்.

எங்க அம்மாவையும் கூப்பிடுறாங்க. வீட்டுக்கு வந்து கேக்கச் சொல்லலாமா?

தாராளமாக. பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த சிறுவர்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர்கள், கடுமையான நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். 179-வது பிரிவிலேயே இது இருக்கிறது. அவர்களாக விரும்பினால் ஸ்டேஷனுக்கு வரலாம். "வராட்டி உன் பையனை விட மாட்டோம்" என்று சொல்லி வரவழைப்பது விருப்பம் ஆகாது.

விசாரணைக்குன்னு போனவரை ரெண்டு நாளா விடலை. "கைதே பண்ணலையே"ங்கிறாங்க. என்ன செய்றது?

இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும். நம் ஊரில் காவல் மரணங்களும் சித்திரவதையும் பெரும்பாலும் இந்தப் பெயரில்லாத இரண்டு நாளுக்குள்தான் நடக்கின்றன. ஒருவர் நோட்டீஸ் வாங்கி வந்திருந்தால், எழுந்து வீட்டுக்குப் போக அவருக்கு உரிமை உண்டு. போக விடவில்லை என்றால் அது கைது. இரண்டுக்கும் நடுவில் "விசாரணையில் இருக்கிறார்" என்றொரு நிலை சட்டத்தில் கிடையாது. பேப்பரில் எந்த நேரம் எழுதியிருந்தாலும், ஆளின் நடமாட்டம் தடுக்கப்பட்ட நேரத்திலிருந்தே கைது தொடங்குகிறது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. 24 மணி நேரக் கணக்கும் அங்கிருந்துதான். அதில் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகும் பயண நேரத்தை மட்டும் கழிக்கலாம். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரத்தில் ஒரு கோயில் காவலாளி இறந்ததும், முறையான கைது எதுவும் காட்டாத இப்படி ஒரு நகைத் திருட்டு விசாரணையில்தான்.

செய்ய வேண்டியது: உடனே எஸ்.பி. அலுவலகத்துக்கு, மாநகரமானால் கமிஷனர் அலுவலகத்துக்கு, ஈமெயிலோ தந்திபோல் சுருக்கமாக ஒரு மனுவோ அனுப்புங்கள். யாரை, எத்தனை மணிக்கு, எந்த இடத்திலிருந்து, எந்த ஸ்டேஷன்காரர்கள் அழைத்துப் போனார்கள் என்பது போதும். நகலை மாவட்டத் தலைமை நீதித்துறை நடுவருக்கும் அனுப்புங்கள். தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. மனு நம்பர் ஆகும் முன்பே ஆளைக் கொண்டுவந்து ரிமாண்ட் (மாஜிஸ்திரேட் முன் நிறுத்திக் காவலில் வைக்க உத்தரவு வாங்குவது) காட்டியது உண்டு. ஸ்டேஷனிலும் அதன் வாசலிலும் சி.சி.டி.வி. இருந்தே ஆக வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பதிவை அழியாமல் வைக்கும்படி மனுவிலேயே கேட்டுவிடுங்கள். தாமதித்தால் "பதிவு அழிந்துவிட்டது" என்ற பதில்தான் கிடைக்கும்.

கைதுன்னா எங்களுக்கு என்னென்ன பேப்பர் தரணும்?

கைதுக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ ஊரில் மதிப்பான ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் வகுத்த விதிகள் இன்று சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. கைது செய்பவர் பெயர் தெரியும்படி இருக்க வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலே, கைதுக்கான காரணங்களை எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்குகளில் 2023-ல் தொடங்கிய இந்த விதியை, 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா தீர்ப்பு எல்லாக் குற்றங்களுக்கும் விரித்தது. உடனே எழுதித் தர முடியாத சூழலில் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது பேப்பர் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். குற்ற எண்ணும் பிரிவு எண்ணும் மட்டும் உள்ள சீட்டு "காரணம்" ஆகாது. இவர் என்ன செய்தார் என்று சொல்லப்படுகிறது என்பது அதில் இருக்க வேண்டும்.

வாயைத் திறக்காம இருந்தா தப்பு பண்ணினதா ஆயிடாதா?

ஆகாது. 1978-ல் நந்தினி சத்பதி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு இதைத் தெளிவாக்கியது: 20(3) கோர்ட் கூண்டோடு நிற்பதில்லை, ஸ்டேஷனில் போலீஸ் கேட்கும் கேள்விக்கும் பொருந்தும். இப்போதைய வழக்கில் மட்டுமல்ல, வேறு வழக்கில் சிக்கவைக்கும் பதிலையும் மறுக்கலாம். அந்த வழக்கில் போலீஸ் கேள்விகளுக்கு முன் நின்றவர் ஒடிசாவின் முன்னாள் முதல்வர். ஆனாலும் தீர்ப்பு எல்லோருக்குமானது.

"ஒத்துழைக்க மாட்டேங்கிறான்" என்று ஜாமீனை எதிர்ப்பார்கள். ஒப்புக்கொள்ளாததை ஒத்துழையாமை என்று சொல்லக் கூடாது என்பது 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெயர், முகவரி போன்றவற்றை மறைக்காதீர்கள். அவற்றுக்கு இந்த உரிமை உதவாது. பொய் சொல்வதைவிட "இதற்கு நான் பதில் சொல்ல விரும்பவில்லை" என்பது எப்போதும் நல்லது.

அடிச்சு கையெழுத்து வாங்கிட்டாங்க. கேஸ் முடிஞ்ச மாதிரிதானா?

இல்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் சான்றாகக் காட்டவே முடியாது. பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 23 அப்படித்தான் சொல்கிறது, பழைய சாட்சியச் சட்டத்தில் 25, 26. வெள்ளைக்காரன் காலத்திலேயே, தன் போலீஸின் கையை நம்பாமல் எழுதிவைத்த விதி இது. விசாரணையில் பதிவு செய்யும் சாட்சி வாக்குமூலத்துக்கும் கையெழுத்து வாங்கக் கூடாது. போதைப்பொருள் வழக்குகளில் அதிகாரிகளிடம் தந்த ஒப்புதலும் இதே கதிதான் என்று 2020-ல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பு சொன்னது.

ஒரு ஓட்டை உண்டு, கவனியுங்கள். அதே பிரிவு 23-ன் விதிவிலக்குப்படி (பழைய 27), நீங்கள் சொன்னதால் புதிதாக ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புள்ள வார்த்தைகள் மட்டும் சான்றாகும். "கத்தியைக் கிணற்றடியில் வைத்திருக்கிறேன்" செல்லும், "அதால்தான் குத்தினேன்" செல்லாது. அதனால்தான் எல்லா வழக்கிலும் ஆளை அழைத்துப் போய் எதையாவது "எடுத்துக் கொடுக்க" வைக்கிறார்கள். அந்த இடத்துக்கு உண்மையில் உங்களைக் கூட்டிப் போனார்களா, எத்தனை மணிக்கு, மகஜர் (எடுத்த பொருளையும் இடத்தையும் பதியும் பட்டியல்) சாட்சி அங்கே இருந்தாரா என்பதை நினைவில் வைத்து வக்கீலிடம் சொல்லுங்கள். வழக்கு பல நேரம் அங்கேதான் உடையும்.

வக்கீலைக் கூடவே உக்கார வச்சுக்கலாமா?

விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், ஆனால் முழு நேரமும் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்கிறது பி.என்.எஸ்.எஸ். 38. கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் வக்கீல் இருக்கலாம் என்று சில வழக்குகளில் நீதிமன்றங்கள் அனுமதித்திருக்கின்றன. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

காசில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது, யாராக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு.

வாரண்ட் இல்லாம வீட்டுக்குள்ள வர முடியுமா?

முடியும், இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். வாரண்ட் வாங்கப் போனால் பொருள் கைநழுவிவிடும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், பி.என்.எஸ்.எஸ். 185-ன்படி விசாரணை அதிகாரி தேடலாம். அதற்கு முன் அந்தக் காரணத்தையும், எதைத் தேடுகிறோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அதன் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டால் வீட்டுக்காரருக்கும் இலவச நகல் உண்டு. இதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கேளுங்கள். காரணம் எழுதாத சோதனையைத் தாக்க அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

கதவைப் பூட்டி மறிக்க வேண்டாம், அது தனி வழக்காகும். பெயர், பதவி, எந்த வழக்கு, வாரண்டா 185-ஆ என்று அமைதியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மகஜர்னு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடலாமா?

முதலில் அது எப்படி உருவாக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 103-ன்படி அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கோடு சம்பந்தமில்லாத இருவர் சாட்சியாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் உடன் இருந்து பார்க்கலாம். எடுத்த பொருள்கள் ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்பதோடு பட்டியலில் ஏற வேண்டும், கையெழுத்தான நகல் உங்களுக்கு வர வேண்டும். புதிய சட்டத்தின் 105, சோதனை முழுவதையும், பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவது வரை, வீடியோ எடுத்துத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. என்னைக் கேட்டால் 2023 சட்டத்தின் மிக நல்ல பிரிவு அதுதான். வழக்கு தொடங்கியதுமே அந்த வீடியோவைக் கேட்டு மனு போடுவதை நான் பழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

நகலைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடலாம். வெள்ளைத் தாளில், காலி இடம் விட்ட படிவத்தில், ஸ்டேஷனில் போய் எழுதிக்கொள்கிறோம் என்ற பேப்பரில் போடாதீர்கள். பட்டியலில் தப்பிருந்தால் கையெழுத்துக்கு மேலே அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரராக உங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், எழுத்தில் உத்தரவு தந்தபின் காரணமில்லாமல் மறுப்பது குற்றம். ஆனால் கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்துப் போட வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

வீட்ல பொம்பளைங்க மட்டும் இருக்கும்போது வந்தா?

பெண்ணின் உடலைப் பெண்தான், கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும். சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியாதபோது பெண் அதிகாரி, எழுத்துமூல அறிக்கை, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி மூன்றும் வேண்டும். 2025 பிப்ரவரியில் மதுரைக் கிளை, இந்த விதியை மீறியதாலேயே கைது செல்லாமல் போய்விடாது என்று சொன்னது. ஆனால் ஏன் பின்பற்றவில்லை என்று அதிகாரி விளக்கம் தர வேண்டும் என்றும் சொன்னது. எனக்கு அந்த முதல் பாதியில் உடன்பாடில்லை. இரவுக் கைதின் பயம் தெரிந்தவர்கள்தான் அந்த விதியை எழுதினார்கள்.

போனை வாங்கிக்கிட்டு லாக் நம்பர் கேக்குறாங்க. கொடுக்கணுமா?

போனை வாங்குவதையும் லாக் நம்பர் கேட்பதையும் பிரித்துப் பாருங்கள். வாகனச் சோதனையில் லைசென்ஸ், ஆர்.சி. கேட்கலாம். கேலரியையும் வாட்ஸ்அப்பையும் திறந்து காட்டச் சொல்ல அது அதிகாரம் தராது. ஒரு வழக்கின் விசாரணையில் போன் சம்பந்தப்பட்டிருந்தால் 94-ன்படி கேட்கலாம், 106-ன்படி கைப்பற்றலாம். அப்போது மாடல், ஐ.எம்.இ.ஐ. எண்ணுடன் மகஜரில் ஏற வேண்டும், முன் சொன்ன நகலும் வீடியோவும் இதற்கும் பொருந்தும்.

லாக் நம்பர் விஷயத்தில் நீதிமன்றங்கள் ஒரே பக்கம் நிற்கவில்லை. பாஸ்வேர்டு தருவது தனக்கெதிரான சாட்சியம் ஆகாது என்று 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது, அதோடு போனைத் தேட வாரண்ட் வேண்டும் என்றும் சொன்னது. மனதில் உள்ளதைச் சொல்ல வைப்பது 20(3)-க்கு விரோதம் என்று 2022-ல் டெல்லி சி.பி.ஐ. நீதிமன்றம் சொன்னது. இரண்டாவதுதான் சரி என்பது என் கருத்து. நடைமுறையில் "கோர்ட் உத்தரவு வந்தால் தருகிறேன்" என்று சொல்லி வக்கீலைக் கூப்பிடுங்கள். மிரட்டித் திறந்தார்கள் என்றால் மறுநாள் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள்.

அப்போ கைரேகை, ரத்தம், குரல் மாதிரி எடுக்கிறதையும் மறுக்கலாமா?

முடியாது. 1961-ல் காதி காலு ஓகத் வழக்கில் பதினொரு நீதிபதிகள், கைரேகையும் கையெழுத்து மாதிரியும் உடலின் அடையாளம், சாட்சி சொல்வது ஆகாது என்றார்கள். குரல் மாதிரியை 2019-ல் ரிதேஷ் சின்ஹா தீர்ப்பு இதோடு சேர்த்தது. இப்போது பிரிவு 349-ன்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம்.

நார்கோ (மருந்து கொடுத்துப் பேச வைப்பது), பொய் கண்டறியும் கருவி, மூளை அலைச் சோதனை மூன்றும் வேறு ரகம். சம்மதம் இல்லாமல் அவற்றைச் செய்யக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் தீர்ப்பானது. சம்மதத்தைக்கூட வக்கீல் உதவியோடு மாஜிஸ்திரேட் முன்தான் பதிய வேண்டும்.

சோதனையே சட்டவிரோதம்னு நிரூபிச்சுட்டா கேஸ் விழுந்துடுமா?

பெரும்பாலும் விழாது, இதை மறைக்காமல் சொல்வது என் கடமை. 1973 டிசம்பரில் பூரன் மல் வழக்கில், வழக்கோடு தொடர்புள்ள சான்று தப்பான சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் அதைத் தள்ள வேண்டியதில்லை என்று முடிவானது. அமெரிக்கா போல இங்கே தள்ளிவிட மாட்டார்கள். ஆனாலும் மகஜரில் உள்ள ஓட்டை, சாட்சி இல்லாதது, வீடியோ இல்லாதது எல்லாம் "கிடைத்தது" என்ற கதையின் நம்பகத்தையே அரிக்கும்.

போதைப்பொருள் வழக்கு விதிவிலக்கு. உடலைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன் சோதனை கேட்கும் உரிமை உண்டு என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கைப்பற்றலை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 1999-ல் பல்தேவ் சிங் தீர்ப்பு. கையில் இருந்த பைக்கு இது பொருந்தாது.

மாவுக்கட்டோட போட்டோ வந்தா எல்லாரும் கைதட்டுறாங்களே. ரவுடிதானே சார்?

இந்தக் கேள்வியைப் படித்தவர்களும் கேட்கிறார்கள். "தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்தார்" என்று ஒருவரின் கை உடைவதும், ஸ்டேஷனில் ஒருவரை அடிப்பதும் பிரிவு 21-ஐ மீறும் ஒரே செயல். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் காவலுக்குப் போய் இறந்தார்கள். ஊரடங்கில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் புகார். ரவுடியின் கையை உடைக்கப் பழகியவர்கள் கடைக்காரரிடம் நிறுத்திக்கொள்வதில்லை.

உங்கள் வீட்டு ஆளை ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது மாஜிஸ்திரேட் "அடித்தார்களா?" என்று கேட்பார். பக்கத்தில் போலீஸ் நின்றாலும் அப்போதுதான் சொல்ல வேண்டும். காயத்தைக் காட்டி, பதியும்படி கேட்டு, அரசு மருத்துவமனைப் பரிசோதனையும் கேளுங்கள். ஜெயில் வாசலிலும் உடலில் உள்ள காயங்களைக் குறிப்பார்கள், அங்கேயும் மறைக்கக் கூடாது. நாலு நாள் கழித்துச் சொன்னால் "வக்கீல் சொல்லிக்கொடுத்தது" என்பார்கள்.

குண்டாஸ்ல போட்டா இந்த உரிமை எதுவும் கிடையாதா?

சில போகும், சில இருக்கும். குண்டாஸ் என்பது தடுப்புக் காவல், அதாவது இனிக் குற்றம் செய்யாமல் தடுக்க முன்கூட்டியே அடைப்பது. அதற்கு 24 மணி நேர விதியும் வக்கீல் உரிமையும் பொருந்தாது என்று பிரிவு 22(3) சொல்கிறது. குண்டர் சட்டம் எனப்படும் தமிழ்நாட்டின் 1982-ம் ஆண்டு 14-வது சட்டப்படி பன்னிரண்டு மாதம் வரை அடைக்கலாம். 20(3), 21 இரண்டும் போவதில்லை: வாயைத் திறக்க வைக்க முடியாது, அடிக்கவும் முடியாது.

காரணங்களை ஐந்து நாளுக்குள் தர வேண்டும், உடனே முறையீடு செய்ய வாய்ப்புத் தர வேண்டும், அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கு போக வேண்டும். தரும் ஆவணங்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்த மொழியில், படிக்க முடிகிற நகலாக இருக்க வேண்டும். அதனால் குண்டாஸ் கட்டு கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது வழக்கின் கதையை அல்ல. ஆங்கிலத்தில் மட்டும் உள்ள பக்கம் எது, மங்கிப்போன ஜெராக்ஸ் எது, முறையீட்டுக்கு அரசு பதில் சொல்ல எத்தனை நாள் எடுத்தது என்று பென்சிலால் குறிப்பேன். சென்னையிலும் மதுரையிலும் எத்தனையோ உத்தரவுகள் அந்தப் பென்சில் குறிகளில்தான் ரத்தாகியிருக்கின்றன.